குடலில்தான் முதலில் கண்டார்கள்

போன மாதம் தெருமுனை மெடிக்கலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒரு கையால் தொப்புளைச் சுற்றி அழுத்திப் பிடித்தபடி, "தம்பி, கேஸ் மாத்திரை ரெண்டு குடுப்பா, வயிறு முறுக்குது" என்றார். கடைப் பையன் எதுவும் கேட்கவில்லை. ரானிடிடின் அட்டையில் கத்தரிக்கோலை வைத்து இரண்டு மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டு நீட்டினான். அவர் காசை எடுக்கத் திரும்பியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றி முதல் கழுத்து வரை வெயிலில் நின்றவர் போலச் சிவந்திருந்தது. கழுத்தோரம் தடிப்புகள்.

"என்ன சாப்பிட்டீங்கண்ணே?"

"இப்பதான் சூரை மீன் குழம்பு சாப்பிட்டுட்டு வர்றேன். வாயில வச்சப்பவே மிளகு கடிச்ச மாதிரி சுரீர்னு இருந்துச்சு. அதுக்கும் வயித்துக்கும் என்ன சார்?"

அதற்கும் வயிற்றுக்கும் நேரான தொடர்பு உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் விட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அது உள்ளே போனதும் முகம் சிவக்கிறது, தலை வலிக்கிறது, தோல் தடிக்கிறது. கூடவே குடல் முறுக்கிப் பிடித்து வயிற்றுப்போக்கும் வருகிறது. அந்த மனிதரின் தோலும் குடலும் ஒரே பொருளுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் கையில் இருந்த மாத்திரையோ அந்தப் பொருளின் வேறொரு கதவைச் சாத்துவதற்கானது. பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அவரை அழைத்துப் போனேன். அவில் ஊசி போட்டு உட்கார வைத்தார்கள். தடிப்பும் முறுக்கலும் சேர்ந்தே அடங்கின.

மருந்தியல் பாடம் நடத்தி வருகிறவன் நான். அந்தக் கடையில் நடந்ததற்குக் கடைப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கேட்டு வளர்ந்ததைத்தான் செய்தான். அவன் மட்டுமா? மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் இதையேதான் மனப்பாடம் செய்கிறார்கள். ஹிஸ்டமினுக்கு இரண்டு வேலை. எச்-1 ஏற்பி (செல்லில் அது தட்டும் ஒரு கதவு) வழியாக அரிப்பும் தும்மலும், எச்-2 ஏற்பி வழியாக இரைப்பை அமிலம். முன்னதற்கு அவில், பின்னதற்கு ரான்டாக் என்ற ரானிடிடின். சொத்தைப் பிரித்துக் கொடுத்தது போல, தோலும் மூக்கும் ஒரு பக்கம், வயிறு மறு பக்கம். இந்தப் பாகப்பிரிவினை தவறு. நாள்தோறும் நோயாளிகளின் மேல் விழுகிற தவறு என்பதால் இதை எழுதுகிறேன்.

ஹிஸ்டமின் இந்த உலகத்துக்கு அறிமுகமானது தோலிலும் இல்லை, அமிலத்திலும் இல்லை. தெற்கு லண்டனில் ஹெர்ன் ஹில் பகுதியில் இருந்த வெல்கம் உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தில், 1910-இல், ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் அந்தப் பொருளின் செயல்களை விரிவாக எழுதினார்கள். தானியக் கதிரில் படரும் எர்காட் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்த கூடம் அது. அவர்கள் கண்டது என்ன? குடல், கருப்பை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் மென்தசையை இந்தப் பொருள் சுருங்க வைக்கிறது என்பது. அடுத்த ஆண்டே, பார்ஜரும் டேலும் அதைக் குடலின் உட்சவ்விலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இரைப்பையை அமிலம் சுரக்க வைப்பது ஹிஸ்டமின்தான் என்று போபியெல்ஸ்கி வெளியிட்டது 1920-இல். அதாவது, குடல் அசைவோடு ஹிஸ்டமினுக்கு உள்ள உறவு, அமிலத்தோடு உள்ள உறவைவிடப் பத்தாண்டு மூத்தது. பின்னால் வந்த உறவு முன்னால் வந்ததை மறைத்துவிட்டது. அமிலத்துக்கு விற்கக்கூடிய மாத்திரை கிடைத்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நான் படித்த காலத்தில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. செய்முறை வகுப்பில் கினிப்பன்றியின் சிறுகுடல் கடைப்பகுதியில் இருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு தருவார்கள். அதை உடல் சூட்டில் இருக்கும் டைரோடு என்ற உப்புக் கரைசலுக்குள், இரு முனையிலும் நூல் கட்டித் தொங்கவிடுவோம். கீழ் நூல், காற்றுக் குமிழ் விடும் கண்ணாடிக் குழாயின் கொக்கியில். மேல் நூல், மெல்லிய நெம்புகோலில். நெம்புகோலின் நுனி, புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளையை மயிரிழையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். துண்டு தளர்ந்து அமைதியாகும் வரை காத்திருந்துவிட்டு, ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான ஹிஸ்டமினைச் சொட்டவிடுவோம். சில நொடிதான். அந்த வெளிறிய குழாய், யாரோ நூலைப் பிடித்து இழுத்தது போல விறைத்துச் சுருங்கும். கரித்தாளில் வெள்ளைக்கோடு ஒன்று சரேலென்று மேலே ஏறும். கரைசலை மாற்றிக் கழுவினால் கோடு இறங்கும். மெபிரமின் என்ற எச்-1 தடுப்பானைப் போட்டுவிட்டு அதே அளவு ஹிஸ்டமினைக் கொடுத்தால் கோடு ஏறாது. எச்-2 தடுப்பானை எவ்வளவு போட்டாலும் ஏறும்.

விலங்கின் உடலில் இருந்து நறுக்கி எடுத்த அந்தத் துண்டுக்கு மூளை கிடையாது, இரத்தம் கிடையாது, அமிலம் சுரக்கும் செல் ஒன்றுகூடக் கிடையாது. எனினும் அது ஹிஸ்டமினுக்கு அப்படித் துடித்துச் சுருங்குகிறது. இதைப் பார்த்த எவரும் 'வயிற்றுக்குள் ஹிஸ்டமின் என்றால் அமிலம்' என்று சொல்ல மாட்டார்கள். விலங்குகளைக் காப்பாற்ற அந்தச் செய்முறையை இப்போது கணினித் திரைக்கு மாற்றிவிட்டோம். அது சரியான முடிவு. ஆனால் கோடு ஏறுவதைப் பார்த்த வியப்பும் கூடவே போய்விட்டது.

எச்-2 ஏற்பியின் பிறப்பைப் பற்றிய நினைவும் இப்படித்தான் அரைகுறையாக இருக்கிறது. 1966-இல் ஆஷும் ஷில்டும் பழைய தடுப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படும் ஏற்பிகளுக்கு எச்-1 என்று பெயரிட்டார்கள். அவற்றுக்குக் கட்டுப்படாத செயல்கள் மிச்சம் இருந்தன. வெல்வின் கார்டன் சிட்டியில் ஜேம்ஸ் பிளாக்கின் குழு அந்த மிச்சத்தைத் தேடிப்போய், 1972-இல் எச்-2 ஏற்பியை வரையறுத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் சாட்சியாக வைத்தவற்றில் இரைப்பை அமிலம் ஒன்று. மற்றவை கினிப்பன்றியின் இதய மேலறையும் எலியின் கருப்பையும். இதயத்தில் ஹிஸ்டமின் துடிப்பை வேகப்படுத்துகிறது. எலியின் கருப்பையைத் தளரச் செய்கிறது. எச்-2 ஏற்பி பிறந்த நாளிலேயே தசையோடு பிறந்தது. சிமெடிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து, பிறகு ரானிடிடின் வந்து, உலகமே அதை அமில ஏற்பியாகப் பார்க்கத் தொடங்கியது பிறகு நடந்த கதை.

இனி இரைப்பையின் சுவருக்குள் போவோம். கினிப்பன்றி இரைப்பையின் தசையில் எச்-1 சுருங்கச் சொல்கிறது, எச்-2 தளரச் சொல்கிறது. பொருள் ஒன்று, உறுப்பு ஒன்று, கட்டளை இரண்டு. எச்-1 ஏற்பி தசைச் செல்லுக்குள் சேமிப்பில் இருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் வந்தால் தசை இறுகும். எச்-2 ஏற்பி சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளைப் பெருக்குகிறது. அது பெருகினால் தசை நெகிழும். அமிலம் சுரக்கும் செல்லில் அதே சைக்ளிக் ஏஎம்பிதான் அமிலப் பம்புகளை இயக்குகிறது. ஆக, எச்-2 என்பது அமில ஏற்பி என்பதைவிட, எந்தச் செல்லில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் செல்லுக்கு ஏற்ற கட்டளையைப் பிறப்பிக்கும் ஒரு சாவித்துளை என்று சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

தசை இதில் பாதிதான். குடல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை நரம்புச் செல்களின் வலை ஒன்று ஓடுகிறது. உணவை எப்போது தள்ளுவது, எங்கே நிறுத்திப் பிசைவது, எப்போது நீரைச் சுரந்து வெளியே அடித்துத் தள்ளுவது என்பதைப் பெரும்பாலும் மூளையைக் கேட்காமல் அதுவே முடிவு செய்கிறது. அந்த நரம்புகளை ஒட்டி, சாக்கு நிறைய ஹிஸ்டமினை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன மாஸ்ட் செல்கள். ஒத்துக்கொள்ளாத உணவோ புழுவோ வந்தால் சாக்கைக் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. குடல் தண்ணீரைச் சுரக்கிறது. நீண்ட பலமான அலைகளாக உள்ளே இருப்பதைக் கீழே துரத்துகிறது. ஒஹாயோவின் ஜாக்கி வுட் போன்றவர்கள் இதைக் குடலின் தற்காப்புத் திட்டமாக விளக்கியிருக்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தோல் தடிப்பதற்கும் வயிறு பிடுங்குவதற்கும் ஒரே காரணம் இதுதான். கடுமையான ஒவ்வாமையில் அடங்காத வயிற்று முறுக்கலும் வாந்தியும் ஆபத்தின் அறிகுறிகள். அவற்றைக் 'கேஸ்' என்று படிக்கிற வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய அட்ரினலின் ஊசி தாமதமாகிறது.

எச்-3 இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. 1983-இல் பாரிஸில் ஷ்வார்ட்ஸின் குழு மூளையில் அதைக் கண்டுபிடித்தது. கினிப்பன்றியின் குடல் நரம்பு முனையில் அது உட்கார்ந்து, அசைவைத் தூண்டும் அசிடைல்கோலின் வெளியாவதைக் குறைக்கிறது. ஹிஸ்டமினே முடுக்கி, ஹிஸ்டமினே கடிவாளம். மனிதக் குடலில் எச்-3 பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு: 2006-இல் வந்த ஓர் ஆய்வு அதைக் காண முடியவில்லை என்றது, 2007-இல் ஜெர்மனியில் அறுவையில் எடுத்த மனிதக் குடலின் நரம்புகளைச் சோதித்தவர்கள், எச்-1 முதல் எச்-4 வரை ஹிஸ்டமினின் நான்கு ஏற்பிகளுமே அவற்றைத் தூண்டுகின்றன என்றார்கள். இந்த வழக்கு தீரட்டும். இரண்டு தரப்பும் பேசிக்கொண்டிருப்பது அமிலத்தைப் பற்றி அல்ல என்பதைக் கவனியுங்கள்.

என்னோடு வாதாடுகிறவர்கள் வழக்கமாக முதலில் வைப்பது, "கினிப்பன்றிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்குமா?" என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். எலியின் சிறுகுடல் ஹிஸ்டமினுக்கு அசைந்தே கொடுக்காது. மனிதக் குடல் கினிப்பன்றியினது அளவுக்கு முரட்டுத்தனமாகச் சுருங்குவதும் இல்லை. உயிரினத்துக்கு உயிரினம் ஏற்பிகளின் விகிதம் மாறுகிறது. ஆனால் அதிலிருந்து 'மனிதக் குடலில் ஹிஸ்டமினுக்கு வேலையில்லை' என்று தாவ முடியாது. கெட்டுப்போன சூரை சாப்பிட்டவரின் வயிறு சாட்சி. உடலில் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் நோயாளிகள் முறுக்கலோடும் வயிற்றுப்போக்கோடும் வாழ்கிறார்கள், அவர்களும் சாட்சி.

அடுத்து வருவது அனுபவ வாதம். "எதுவாக இருந்தாலும், ரான்டாக் போட்டால் எனக்கு வயிறு லேசாகிறதே?" இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆகலாம். நெஞ்செரிச்சலும் புண்ணும் இருந்தால் அமிலம் குறைந்து நிம்மதி வரும். அங்கே அந்த மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சாப்பிட்டவுடன் திம்மென்று நிற்கும் வயிறு, நாலு வாய்க்குள்ளேயே நிறைந்துபோகும் வயிறு வேறு வகை. அங்கே இரைப்பையின் மேற்பகுதி உணவுக்கு இடம் கொடுத்துத் தளரவில்லை, அல்லது கீழ்ப்பகுதி உணவை நேரத்துக்கு வெளியே தள்ளவில்லை. காற்று அதில் சின்னப் பங்கு. இவர்களில் சிலருக்கும் ரானிடிடின் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் எச்-2 வழியாக அல்ல! ரானிடிடினுக்கும் நிசாடிடினுக்கும் எச்-2-ஓடு தொடர்பே இல்லாத இன்னொரு குணம் உண்டு. அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை ஓரளவு தடுக்கின்றன. நரம்பு முனையில் அசிடைல்கோலின் கூடுதல் நேரம் தங்குவதால் இரைப்பை அசைவு சற்று கூடுகிறது. 1980-களில் இத்தாலியின் பார்மாவில் பெர்டசினியும் அவர் குழுவினரும் இதைத் துருவித்துருவி ஆராய்ந்தார்கள். இதே எச்-2 தடுப்பான் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாமோடிடினில் இந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. எச்-2-ஐ அடைப்பதுதான் வயிற்றை லேசாக்குகிறது என்றால் ஃபாமோடிடினும் அப்படியே செய்திருக்க வேண்டும். இந்த நொதியை முறையாகத் தடுக்கும் அகோடியமைட் என்ற மருந்துக்கு, சாப்பிட்டபின் திம்மென்று நிற்கும் வயிற்றுக்காகவே 2013-இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. நம்மூரில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோனைச் சேர்த்து எழுதும் மருத்துவர்களுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது: அமிலத்தைக் குறைத்தால் மட்டும் வயிறு நகராது, நகர்த்த வேறொன்று வேண்டும்.

"சரி, போட்டால் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பார்கள். எச்-2 தடுப்பானைத் தினம் போட்டால் ஓரிரு வாரத்திலேயே உடல் பழகிக்கொண்டு அதன் பலன் குறையும். அமிலம் உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லும் காவல்; அதை மாதக்கணக்கில் அடக்கினால் குடல் தொற்றுக்கு வழி விடுகிறோம். ரானிடிடினில் என்டிஎம்ஏ என்ற மாசு இருப்பது 2019-இல் தெரியவந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அதைச் சந்தையில் இருந்து எடுக்கச் சொன்னார்கள். நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் 2022-இல் நீக்கினார்கள். மெடிக்கல் கவுண்டரில் அதை இன்றும் கத்தரித்துத் தருகிறார்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது ஒன்று. மாரடைப்பின் வலி சிலருக்கு மேல்வயிற்றில் வரும். 'கேஸ்தான்' என்று மாத்திரை போட்டு விடிகாலை வரை காத்திருந்தவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. விடியும்வரை எல்லோரும் இருக்கவில்லை.

எச்-1 பக்கமும் இதே குழப்பம். சளிக்கு சிபிஎம் (குளோர்பெனிரமின்) போட்ட பாட்டிக்கு மூன்று நாள் மலச்சிக்கல். 'ஹிஸ்டமினை அடைத்ததால் குடல் நின்றுவிட்டது' என்று என் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். நான் மேலே சொன்னதைப் படித்தவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். இல்லை. குளோர்பெனிரமின், புரோமெத்தசின், அவில் போன்ற பழைய மருந்துகள் ஹிஸ்டமின் ஏற்பியோடு நிற்காமல் அசிடைல்கோலினின் ஏற்பியையும் அடைக்கின்றன. வாய் உலர்வது, சிறுநீர் அடைப்பது, குடல் மந்தமாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடைப்பின் வேலை. பசி எடுக்கவென்று பிள்ளைகளுக்கு ஊற்றும் சைப்ரோஹெப்டடின் சிரப் ஹிஸ்டமின், செரோடோனின், அசிடைல்கோலின் மூன்றின் கதவுகளிலும் கை வைக்கிறது. ஹிஸ்டமினின் பங்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால், மற்ற ஏற்பிகளை அதிகம் சீண்டாத மருந்து தேவை.

பெல்ஜியத்தின் லூவனில் அப்படித்தான் பார்த்தார்கள். எரிச்சல் குடல் நோயில் குடல் நரம்புகளை ஒட்டி மாஸ்ட் செல்கள் விழித்துக்கொண்டிருப்பதையும், எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலி என்பதையும் 2004-இல் இத்தாலியின் பொலோன்யா குழு காட்டியிருந்தது. லூவன் குழு அதைத் தொடர்ந்தது. மிளகாயின் காரத்தை நாம் உணர்வது டிஆர்பிவி-1 என்ற ஏற்பியால். அது குடல் நரம்பிலும் இருக்கிறது. ஹிஸ்டமின் எச்-1 வழியாக அதைக் கூர்தீட்டி விடுகிறது என்று கண்டார்கள். காற்று சாதாரணமாகக் குடலை விரித்தாலே வலிக்கும் நிலை அது. தூக்கம் வரவழைக்காத எச்-1 தடுப்பானான எபாஸ்டினை 12 வாரம் கொடுத்த 2016 ஆய்வில், கணிசமான நிம்மதி கண்டவர்கள் 46 விழுக்காடு; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13. ஐம்பத்தைந்து பேர் கொண்ட சிறு ஆய்வு. 2024-இல் இருநூறு பேர் அளவில் செய்தபோது, கடுமையான அளவுகோலின்படி 12-க்கு 4 என்று வேறுபாடு சுருங்கியது. இந்தச் சுருக்கத்தை என் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டலாம், காட்டட்டும். எபாஸ்டின் எல்லோருக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. அமிலத்தையே தொடாத ஒரு மருந்து சிலருடைய குடல் வலியைக் குறைத்தது என்பதை 'ஹிஸ்டமின் என்றால் அமிலம்' என்ற நம்பிக்கையால் விளக்கவே முடியாது என்றுதான் சொல்கிறேன்.

அண்மையில் எதிர்த்திசையில் ஓர் அலை கிளம்பியிருக்கிறது. ஹிஸ்டமினே விஷம், தக்காளியை விடு, கத்தரிக்காயை விடு, புளித்த தயிரைத் தொடாதே என்று வாட்ஸப்பில் பட்டியல்கள் சுற்றுகின்றன. சிலருக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. அதை மருத்துவரோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இந்தப் பட்டியலை நம்பி வளரும் பிள்ளையின் தட்டைக் காலியாக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஆரோக்கியமான குடலின் சவ்வில் டைஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதி, உணவில் வரும் ஹிஸ்டமினைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. குடல் தன் அன்றாட வேலைக்குத் தானே ஹிஸ்டமினைத் தயாரித்தும் கொள்கிறது. அது எந்தச் செல்லின் எந்த ஏற்பியைத் தட்டுகிறது என்று கேட்காமல் நல்லது, கெட்டது என்று முத்திரை குத்துவது, 'அமிலம்' என்று முத்திரை குத்தும் அதே பழக்கத்தின் இன்னொரு முகம்.

இந்த ஆண்டு உள்தேர்வில், 'எச்-1, எச்-2 ஏற்பிகளை வேறுபடுத்துக' என்ற பழைய கேள்வியை எடுத்துவிட்டேன். பதிலாக மெடிக்கலில் பார்த்த அந்த மனிதரை எழுதினேன். சூரை மீன் குழம்பு, வாயில் மிளகுக் காரம், சிவந்த முகம், கழுத்தோரத் தடிப்பு, தொப்புளைச் சுற்றிய முறுக்கல். இவர் குடலில் எந்த ஏற்பி, எந்தச் செல்லில், என்ன செய்தது? நேற்று தாள்களைத் திருத்தி முடித்தேன். பாதிக்கு மேல் 'அமிலச் சுரப்பு அதிகரித்ததால்' என்று தொடங்கியிருந்தன.